இதயத்தின் மதகுகள்

நன்றாக ஓடியாடித் திரிந்த பிள்ளை ஒரு நாள் விளையாட்டுத் திடலிலோ குளத்திலோ பள்ளிக்கூடத்திலோ திடீரெனச் சாய்ந்து உயிர்விட்டது என்ற செய்தி வரும்போது ஊரே கலங்கிப் போகின்றது. கண் பட்டுவிட்டது என்பார் சிலர். காற்றுக் கருப்பு அடித்தது என்பார் வேறு சிலர். பெற்றோரோ, "காலையில் திட்டினோமே, அதனால்தானோ?" என்று ஆயுள் முழுவதும் தம்மையே நொந்துகொள்கின்றனர். இத்தகைய சாவுகளுள் ஒரு பகுதிக்கேனும் காரணம் யாது என்பதை மருத்துவ உலகம் இன்று தெளிவாக அறிந்திருக்கின்றது. அதை அறிய ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றையும், அதில் நம் குடும்பங்களுக்கு உள்ள படிப்பினையையும் இத்திங்கள் நம் வாசகர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆசிரியர் முன் விழுந்த சிறுமி

1856-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிரீட்ரிக் மைஸ்னர், காது கேளாதோரையும் அவர்தம் கல்வியையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு சிறுமியின் சாவைக் குறித்திருந்தார். பிறவியிலேயே காது கேளாத அச்சிறுமி ஏதோ தவறு செய்தாள் என்று பள்ளித் தலைவர் எல்லார் முன்னிலையிலும் அவளை அழைத்துக் கண்டித்தார். நின்ற இடத்திலேயே அவள் விழுந்து மாண்டாள். அடித்தவர் யாரும் இல்லை. நோய்வாய்ப்பட்டுக் கிடந்தவளும் அல்லள்.

செய்தியைக் கேட்ட பெற்றோர் அழுதிருப்பர்; ஆனால் வியப்படையவில்லை. ஏனெனில் காது கேளாத அவர்களுடைய வேறு இரு பிள்ளைகளும் இப்படியே முன்னர் இறந்திருந்தனர். ஒன்று பெருந்திகில் அடைந்தபோதும், மற்றொன்று கடுஞ்சினம் கொண்டபோதும் உயிர்விட்டன. ஒரே குடும்பம், ஒரே வகைச் செவிட்டுத்தன்மை, ஒரே வகைச் சாவு. இம்மூன்றையும் இணைக்கும் கயிறு எது என்பதைக் கூற அந்நாளைய மருத்துவத்திற்கு வழியில்லை. இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் கருவியே அப்போது பிறக்கவில்லை. செய்தி நூலோடு நின்றுவிட்டது.

நார்வே நாட்டுக் குடும்பம்

நூறு ஆண்டுகள் உருண்டோடின. ஹாலந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இ.சி.ஜி. எனும் இதய மின்வரைபடக் கருவியைச் செம்மைப்படுத்தி, அதற்காக 1924-இல் நோபெல் பரிசு பெற்றார். அவ்வரைபடத்தில் தோன்றும் மேடு பள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று எழுத்துகளால் பெயரிட்டவரும் அவரே. கியூ என்னும் புள்ளி, இதயத்தின் கீழறைகள் மின்கிளர்ச்சி பெறும் தொடக்கத்தைக் குறிக்கும். டி என்னும் மேட்டின் முடிவு, அவை கிளர்ச்சி அடங்கி அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவதைக் குறிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ நொடியில் பத்தில் நான்கு பங்கு. இந்த இடைவெளியை வாசகர்கள் நினைவில் வைக்குமாறு வேண்டுகின்றோம். நம் கதை முழுவதும் அதற்குள் அடங்கியுள்ளது.

1957-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர்களாகிய அன்டான் யெர்வெல், பிரெட் லாங்கே-நீல்சன் ஆகிய இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். அப்பெற்றோர்க்குப் பிள்ளைகள் அறுவர். தாய் தந்தையர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆயின் பிள்ளைகளுள் நால்வர் பிறவிச் செவிடர். அந்நால்வரும் அடிக்கடி மயங்கி விழுந்தனர். அவர்களுள் மூவர் 4, 5, 9 ஆகிய வயதுகளில் திடீரென இறந்தனர். மருத்துவர்கள் மின்வரைபடம் எடுத்துப் பார்த்தபோது, நாம் மேலே கூறிய கியூ-டி இடைவெளி அளவுக்கு மீறி நீண்டிருக்கக் கண்டனர். மைஸ்னர் எழுதிய மர்மத்திற்கு முதற்சான்று அந்தத் தாளில் விழுந்த கோட்டில் கிடைத்தது.

காது கேட்கும் பிள்ளைகளையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை என்பது விரைவில் வெளியாயிற்று. 1963-இல் இத்தாலியக் குழந்தை மருத்துவர் செசாரினோ ரோமானோவும், 1964-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஓவன் கானர் வார்டும் தனித்தனியே இதனை எழுதினர். இவ்வகையில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பிள்ளைகளுள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி நோய் வர இடமுண்டு. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில், ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் இந்நோயின் கூறுடன் பிறக்கின்றனர் என்று கணித்துள்ளனர். எண்ணிப் பார்த்தால் இது அத்துணை அரிய நோயன்று.

மதகு திறந்து மூடுவது போல

இடைவெளி ஏன் நீள்கின்றது? இதற்கு விடை காண, இதயத் தசையின் ஓர் உயிரணுவுக்குள் நாம் புகுந்து பார்க்க வேண்டும்.

நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னதாக மின்கிளர்ச்சி ஒன்று தசை முழுவதும் பரவுகின்றது. இம்மின்சாரம் நம் வீட்டுக் கம்பிகளில் ஓடுவது போன்றதன்று. உப்புகளின் மின்னேற்ற அணுக்கள் உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் பாய்வதால் உண்டாவது. அவற்றை அயனிகள் என்பர். சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகிய மூன்றுமே இங்கு முதன்மையானவை. சோடியம் வெளியே மிகுந்தும் பொட்டாசியம் உள்ளே மிகுந்தும் இருக்கும்படி உயிரணு ஓயாது உழைக்கின்றது.

அயனிகள் சவ்வினூடே தாமாகப் பாய இயலாது. அவற்றிற்கென்று புரதங்களால் அமைந்த நுண்ணிய வாய்க்கால்கள் உள்ளன. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மதகு உண்டு. ஏரிப் பாசனம் அறிந்த நமக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். முதலில் சோடிய மதகு கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைவாகத் திறந்து மூடுகின்றது; சோடியம் உள்ளே பாய்ந்து கிளர்ச்சியைத் தொடங்கி வைக்கின்றது. அடுத்துக் கால்சிய மதகு திறக்கின்றது. உட்புகும் கால்சியமே தசையைச் சுருங்கச் செய்வது. இறுதியாகப் பொட்டாசிய மதகுகள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேறவே கிளர்ச்சி அடங்கி, உயிரணு பழைய நிலைக்கு மீள்கின்றது. திறந்த ஒரு வாய்க்காலின் வழியே ஒரு நொடியில் பல இலட்சம் அயனிகள் செல்ல வல்லன.

இத்தகைய வாய்க்கால்கள் இருத்தல் வேண்டும் என்பதை 1952-இல் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய இருவரும் கணவாய் மீனின் பெரிய நரம்பில் ஆய்வு செய்து கணக்கிட்டுக் கூறினர். 1976-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும், கண்ணாடி நுண்குழாயின் முனையைச் சவ்வின் மேல் ஒட்டவைத்து, ஒரே ஒரு வாய்க்கால் திறந்து மூடும்போது ஓடும் மின்னோட்டத்தையே பதிவு செய்து காட்டினர். முன்னவர்கள் 1963-இலும் பின்னவர்கள் 1991-இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி நோய்க்கு வருவோம். பொட்டாசிய மதகு சரிவரத் திறவாவிடில் என் செய்வது? அல்லது சோடிய மதகு முற்றும் மூடாமல் கசிந்துகொண்டே இருந்தால்? இரண்டில் எது நேரினும் கிளர்ச்சி அடங்கக் காலம் பிடிக்கும். கியூ-டி இடைவெளி நீளும். முதல் துடிப்பின் கிளர்ச்சி முற்றும் அடங்காத அந்த வேளையில் வேறொரு கிளர்ச்சி குறுக்கிட்டால், இதயம் தாளம் தவறிப் படபடவென அதிரத் தொடங்கும். இரத்தம் மூளைக்கு ஏறாது. ஆள் மயங்கி விழுவார். அதிர்வு தானே அடங்கினால் எழுந்து உட்காருவார். அடங்காவிடின் மரணம்.

யூட்டா மாநிலத்துத் தேடல்

எந்த மதகு பழுதுற்றது என்பதைக் கண்டறிந்த பெருமை மார்க் கீட்டிங் என்னும் அமெரிக்க மருத்துவருக்கும் அவருடைய குழுவினருக்கும் உரியது. அவர் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அம்மாநிலத்தில் பெருங்குடும்பங்கள் மிகுதி. அங்கு வாழும் மார்மோன் சபையினர் தம் வம்சாவளியை எழுதிக் காப்பதில் மிகுந்த கவனம் உடையவர்கள். பாட்டன், முப்பாட்டன், அவர்தம் கிளைகள் என்று தலைமுறைகளின் பட்டியல் கையிலிருக்க, யாருக்கு மயக்கம் வந்தது, யார் இளமையில் மாண்டார் என்பதைத் தொடர்ந்து ஆராய முடிந்தது.

அவர் கையாண்ட வழி எளிதில் விளங்கக்கூடியதே. ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வைத்த இரு நகைகள் பாகப்பிரிவினையின்போது பெரும்பாலும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேரும். அதுபோல, மரபிழையில் நோய்க்கூறுக்கு அருகிலுள்ள அடையாளமும் நோயோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்கும். அந்த அடையாளம் எதுவெனக் கண்டால் நோய்க்கூறு அதன் அண்டை வீட்டில் உள்ளதெனக் கொள்ளலாம். 1991-இல் அத்தகைய அடையாளம் ஒன்றைப் பதினோராவது குரோமோசோமில் அவர்கள் கண்டனர்.

ஆனால் அண்டை வீடு தெரிந்ததேயன்றிக் கதவு கிடைக்கவில்லை. அன்றியும், வேறு சில குடும்பங்களில் நோய் அந்தக் குரோமோசோமோடு செல்லவில்லை. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாயிருத்தல் வேண்டும் என்று தெளிந்தனர். 1995-இல் அவர்தம் உழைப்புக்குப் பயன் கிட்டியது. மூன்றாவது குரோமோசோமில் சோடிய வாய்க்காலின் மரபணுவும், ஏழாவது குரோமோசோமில் ஒரு பொட்டாசிய வாய்க்காலின் மரபணுவும் பழுதுற்றிருந்தமை அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. முதன்முதல் தடம் கிடைத்த பதினோராவது குரோமோசோமின் மரபணு 1996-இல் பிடிபட்டது. அதுவும் பொட்டாசிய வாய்க்காலே. ஐந்தாண்டு காத்திருந்து கிடைத்த அந்த மரபணுவே இந்நோயாளிகளுள் மிகப் பலரிடம் பழுதுற்றிருப்பது என்று பின்னர் அறியலாயிற்று.

ஈயின் ஆட்டமும் மருந்துக் கடையும்

ஏழாவது குரோமோசோமில் கண்ட மரபணுவுக்கு ஹெர்க் என்று பெயர். இப்பெயரின் வரலாறு சுவையானது. பழங்களில் மொய்க்கும் சிறு ஈக்களுள் ஒரு வகைக்கு ஈதர் மயக்கமருந்து கொடுத்தால் அவற்றின் கால்கள் நடனமாடுவதுபோல் உதறும். அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஆட்டத்தின் பெயரைக் கொண்டு அம்மரபணுவுக்கு ஆய்வாளர்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்தனர். அதற்கு உறவான மரபணு மனிதனிடமும் உள்ளது என்று 1994-இல் தெரியவந்தது. ஈயின் கால் உதறலை ஆராய்ந்தவரைப் பார்த்து, இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டோர் இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டே அது மனித இதயத்தின் உயிர்நாடியான மதகு என்று வெளியாயிற்று.

அதோடு மற்றொரு புதிரும் விடுபட்டது. பிறவிக்கூறு ஏதும் இல்லாதவர்க்கும் சில மருந்துகளால் இதே நீண்ட இடைவெளியும் இதே மயக்கமும் நேர்ந்ததுண்டு. அம்மருந்துகள் ஹெர்க் வாய்க்காலில் புகுந்து அடைத்துக்கொள்வதே காரணம் என்று கீட்டிங்கின் குழுவைச் சேர்ந்த மைக்கேல் சாங்வினெட்டி முதலியோரின் ஆய்வு வழிகாட்டியது. தும்மலுக்கும் அரிப்புக்கும் உலகெங்கும் விற்ற டெர்பெனடின் என்னும் மருந்து அவற்றுள் ஒன்று. தனியே உண்டால் கல்லீரல் அதனை மாற்றிவிடும். எரித்ரோமைசின் போன்ற மருந்தோடு சேர்ந்தால் மாறாமல் இரத்தத்தில் தேங்கி இதயத்தைத் தாக்கும். 1998-இல் அமெரிக்காவில் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. இன்று எந்தப் புதிய மருந்தும் மக்கள் கைக்கு வருமுன் ஹெர்க் வாய்க்காலை அடைக்கின்றதா என்று சோதிக்கப்படுகின்றது.

மருந்துக் கடையில் நின்று, "சளிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று நாமே வாங்கி விழுங்கும் பழக்கம் எத்துணைத் தீங்குடையது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

காதும் இதயமும் சந்தித்த இடம்

மைஸ்னரின் சிறுமிக்குக் காது ஏன் கேட்கவில்லை? 1997-இல் இதற்கும் விடை கிடைத்தது. பதினோராவது குரோமோசோமில் கண்ட அதே பொட்டாசிய வாய்க்கால் உட்செவியிலும் உள்ளது. அங்குள்ள ஒரு நீர்மத்தில் பொட்டாசியம் நிறைந்திருந்தால்தான் ஒலி நரம்புச் செய்தியாக மாறும். அந்நீர்மத்தில் பொட்டாசியத்தைப் பாய்ச்சுவது இவ்வாய்க்காலே. தந்தை வழியும் தாய் வழியும் வந்த இரு படிகளும் பழுதுற்றால் காதில் ஒலி அடங்கும். இதயத்தில் இடைவெளி மிக நீளும். ஒரே மதகு இரண்டிடத்தில். ஒரே பழுதுக்கு இரண்டு துன்பம். அடுத்து, அச்சமும் சினமும் ஓட்டமும் இதயத்தை விரைவுபடுத்தும்போது இந்த வாய்க்காலே விரைந்து திறந்து கிளர்ச்சியைச் சுருக்க வேண்டும். அது இயலாதபோது கண்டிப்புச் சொல் ஒன்றே போதுமானதாகிவிடுகின்றது. அப்பள்ளித் தலைவர் கொலைகாரர் அல்லர். அச்சிறுமியின் பெற்றோர் சாபம் பெற்றவரும் அல்லர். ஆயினும் அவர்களுக்கு இதைச் சொல்ல அன்று எவரும் இல்லை.

இங்கே நம் நாட்டுக் குடும்பங்கள் கருத வேண்டிய ஒன்று உண்டு. நோய்க்கூறின் ஒரு படி மட்டும் உடைய தாய் தந்தையர்க்குக் காது கேட்கும். தாம் அதைச் சுமப்பதை அவர்கள் அறியார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு இந்நோய்க்கு இடமுண்டு. குலுக்கல் ஒவ்வொரு முறையும் புதிதாக நடைபெறுவதால்தான் நார்வே குடும்பத்தில் அறுவருள் நால்வருக்கு அது விழுந்தது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே பெண் எடுக்கும்போது, ஒரே பாட்டனின் கூறு இருபுறமும் வந்து சந்திக்க வாய்ப்பு மிகுகின்றது. திருச்சபையின் சட்டம் இத்தகைய உறவினரிடையே மணத்தைத் தடையாகக் கொண்டு, சிறப்பு விலக்குப் பெற்றே நடத்த வேண்டும் என்று விதித்திருப்பது நாம் அறிந்ததே. விலக்கு விண்ணப்பத்தை வெறும் தாள் வேலையாக எண்ணாமல், இரு வீட்டிலும் பிறவிச் செவிடரோ இளமையில் திடீரென மாண்டவரோ உண்டா என்று அப்போதே பெரியவர்களைக் கேட்டறிதல் நன்று. சொந்தத்தில் மணந்தோரின் பிள்ளைகளுள் மிகப் பலர் நலமாகவே உள்ளனர். ஆகையால் யாரும் அஞ்சவோ பிறரைப் பழிக்கவோ வேண்டா. கேட்டறிவது போதும்.

செய்யத் தக்கன

இந்நோய் கண்டறியப்படின் பெரும்பாலும் காக்கக் கூடியதே. பீட்டா தடுப்பான்கள் எனப்படும் விலை குறைந்த மாத்திரைகள் அச்சமும் ஓட்டமும் இதயத்தைத் தூண்டுவதை மட்டுப்படுத்துகின்றன. நாளும் தவறாது உண்ண வேண்டும் என்பதே நிபந்தனை. சிலருக்கு இடப்புறப் பரிவு நரம்பை வெட்டும் அறுவையும், மிக ஆபத்துடையோர்க்கு மார்பில் பொருத்தும் மின்னதிர்ச்சிக் கருவியும் தேவைப்படும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு குடும்பமும் மனத்திற் கொள்ளுக. ஓடும்போதோ நீந்தும்போதோ, மணியோசை கேட்டுத் திடுக்கிடும்போதோ, அச்சம் சினம் கொள்ளும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தால் அதனை வெறும் காக்காய் வலிப்பு என்று முடிவு கட்டலாகாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் மந்திரிப்பதாலும் பயனில்லை. இ.சி.ஜி. எடுத்து, கியூ-டி இடைவெளியை அளந்து பார்க்குமாறு மருத்துவரை வேண்டுங்கள். சில நிமிடங்களில் முடியும் எளிய சோதனை அது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு முறையேனும் இச்சோதனை செய்தல் வேண்டும். ஒரு பிள்ளையிடம் நோய் தெரிந்தால் உடன்பிறந்தோரையும் பெற்றோரையும் சோதிக்க வேண்டும். வரைபடம் ஐயத்திற்கிடமாயின் மரபணுச் சோதனை வழிகாட்டும். நோயுடைய பிள்ளையைத் தனியே நீந்த விடலாகாது. வாந்தி பேதியில் உடலின் பொட்டாசியம் குறையுமாதலால் உடனே மருத்துவரை நாட வேண்டும். எந்த மருந்து வாங்கினாலும் இந்நோய் இருப்பதைச் சொல்லியே வாங்க வேண்டும்.

ஒருவர் விழுந்து மூச்சற்றுக் கிடந்தால், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல், 108 ஊர்திக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஊர்தி வரும்வரை விடாமல் வேகமாக அழுத்துங்கள். பங்கு இளைஞர்கள் இதனை ஒரு மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரு ஞாயிறு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

நம் வட்டாரத்துக் காது கேளாதோர் பள்ளிகளில் பணியாற்றும் சகோதரிகளும் ஆசிரியர்களும் இக்கட்டுரையைப் படிப்பார்களாயின் அவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் பள்ளியில் அடிக்கடி மயங்கி விழும் பிள்ளை ஒன்றிருந்தால், அடுத்த வாரமே அப்பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.